பஸ்ஸை ஆராயப் பொருளாதாரம் எதற்கு?

தக்கலைக்காரன்:
அண்ணன் மகள் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டாள். பஸ், ரயில், நெரிசல் கட்டணம் (கூட்டமான சாலைக்குள் வரும் வண்டியிடம் வாங்கும் பணம்) மாதிரித் திட்டங்களால் மக்களுக்கு என்ன ஆகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராயப் போகிறாளாம். எனக்குச் சம்மதம் இல்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தைக் கட்டியது இன்ஜினியர். பொருளாதாரக்காரருக்கு அங்கே என்ன வேலை?

மீனாட்சிபுரம்:
பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இன்ஜினியர் சொல்வார், அண்ணாச்சி. பாலம் வந்தபின் வண்டி கூடுமா, கீழே உள்ள கடைகளுக்கு வியாபாரம் படுக்குமா என்பதை யார் சொல்வது? மெக்சிகோ நகரில் 1989-இல், நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து வாரத்தில் ஒரு நாள் வண்டி எடுக்கக் கூடாது என்றார்கள். நல்ல எண்ணம்தான். காற்று சுத்தமாகவில்லை, ஆட்கள் கூடுதலாக வண்டி வாங்கினார்கள் என்று லூகாஸ் டேவிஸ் 2008-இல் காட்டினார். அவர் பொருளாதாரக்காரர்.

தக்கலைக்காரன்:
காட்டி? நெரிசலுக்குக் கட்டணம் வை என்று வில்லியம் விக்ரி என்ற பொருளாதாரக்காரர் 1950-களிலேயே சொன்னார். 1996-இல் நோபல் அறிவித்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய நியூயார்க்கில் அது நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரியில். பிள்ளையின் ஆயுசு இப்படிப் போகணுமா?

மீனாட்சிபுரம்:
சிங்கப்பூர் 1975-லேயே செய்துவிட்டதே. ஸ்டாக்ஹோமில் 2006-இல் சோதனையாக வைத்தார்கள், போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முதலில் எதிர்த்த ஊர், அதைக் கண்ணால் பார்த்த பிறகு ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டது.

குளச்சல்காரி:
ஸ்டாக்ஹோம் இருக்கட்டும், நம்ம ஊருக்கு வாருங்கள். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. அந்தப் பணம் எங்கே போகிறது, மீன் விற்கிற பெண்களால் தூரத்துச் சந்தைக்குப் போய் நல்ல விலைக்கு விற்க முடிகிறதா? கொரோனா முடிந்ததால் கூடிய கூட்டம் எவ்வளவு, இலவசத்தால் கூடியது எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அண்ணே, அவளைத் தடுக்காதீர்கள்.

தக்கலைக்காரன்:
அதற்கு இத்தனை வருஷம் படிக்கணுமா தங்கச்சி? கண்டக்டர் பெண்களுக்குக் கொடுக்கிற கட்டணமில்லா டிக்கெட்டை எண்ணினால் போதுமே.

குளச்சல்காரி:
ஏறியவர்களுக்குத்தான் டிக்கெட், அண்ணே. அதே 2021 டிசம்பரில், மீன் நாற்றம் என்று ஒரு பாட்டியைக் குளச்சலில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள், முதலமைச்சரே கண்டித்தார். கடவத்தோடு, அதாவது மீன் கூடையோடு, நிற்கும் பெண்ணை ஏற்றாவிட்டால், அவள் நாலு பேரோடு சேர்ந்து ஆட்டோ பிடிப்பாள். இலவசம் அவளுக்கு ஒரு பைசா தரவில்லை. எந்த டிக்கெட் கணக்கிலும் அவள் இல்லை. விடியற்காலை ஏலம் முடிகிற நேரம் கடற்கரைக்கு வந்து, மீன் எடுத்த விலை, ஆட்டோ வாடகை, விற்ற விலை எல்லாம் கேட்டு எழுதினால்தான் தெரியும். உங்கள் அண்ணன் மகள் வரட்டும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

தக்கலைக்காரன்:
வேலை கிடைக்குமா என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இதை அவளிடம் காட்டுகிறேன்.