ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு இரண்டாண்டுப் பட்டயம் போதுமா, நான்காண்டுப் பட்டம் வேண்டுமா?

கரும்பலகை:
2030க்குள் பள்ளி ஆசிரியர் எல்லாருக்கும் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட்.தான் குறைந்தபட்சத் தகுதி என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. நம் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்து இரண்டாண்டு டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தால் இடைநிலை ஆசிரியர், அதாவது தொடக்க வகுப்பு ஆசிரியர், ஆகலாம். அந்தக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு, மும்மொழிச் சண்டையைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் நான்காண்டின் பக்கம்.

பயிற்சி மாணவர்களின் வகுப்பைப் பார்வையிடுவது என் வேலை. ஒரு வகுப்பில் பிள்ளை 'கொடி' என்பதை 'கெரடி' என்று வாசித்தது. முதலில் கொம்பு, அடுத்து க, இரண்டையும் சேர்த்து 'கெ'. பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டது. கண் போன வழியில் சரியாகத்தான் போயிருக்கிறது. பயிற்சி மாணவி "தப்பு, கொடின்னு சொல்லு" என்று சொல்லிப் பத்துமுறை எழுத வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாடக் குறிப்பேடு அச்சடித்த மாதிரி இருந்தது, சார்ட்டும் பிரமாதம். ஆனால் எழுத்தின் இரு பக்கமும் குறி வரும்போது பிள்ளைக்கு என்ன குழப்பம் வரும், கொ, கோ வரிசையை எப்போது, எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வருடத்தில் உளவியல், தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், கலை, உடற்கல்வி, அத்தோடு கற்பித்தல் பயிற்சி. வாசிப்புக்கென்று எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

டெல்லிப் பல்கலைக்கழகம் 1994ல் தொடங்கிய பி.எல்.எட். படிப்பு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கென்றே அமைந்த நான்காண்டுப் பட்டம். முதலாண்டிலேயே தொடக்கநிலைக் கணக்கையும் அறிவியலையும் மாணவிகள் திரும்ப அடியிலிருந்து படிப்பார்கள். கடைசி ஆண்டில் வாரக்கணக்கில் பள்ளியில் இருந்து பாடம் எடுப்பார்கள். அப்படி ஒன்று தமிழில் வேண்டும் என்கிறேன்.

வைகைக்கரை:
சார், நான் டி.எல்.எட். படித்து ஒன்றியப் பள்ளியில் இருப்பவள். 'கெரடி' உண்மை, தினமும் கேட்கிறேன். ஆனால் அதற்கு மருந்து நான்கு வருடமா? இரண்டு வருடத்தில் சொல்லித் தராத ஆட்கள் நான்கு வருடத்தில் மட்டும் சொல்லித் தந்துவிடுவார்களா?

என்னோடு டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில்) படித்தவர்களில் பாதிப்பேர் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போனவர்கள். "ரெண்டே வருஷம், கையில் ஒரு வேலைக்கான படிப்பு" என்று சொல்லித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தார்கள். நான்கு வருடம், வெளியூர் ஹாஸ்டல் என்றால் அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். இந்த நான்காண்டுப் படிப்புக்குத் தேசியத் தேர்வு முகமை நுழைவுத்தேர்வு வேறு நடத்துகிறது. கோச்சிங் போக முடிந்தவர்கள் சேர்வார்கள். அவர்கள் தொடக்கப் பள்ளியில் நிலைப்பார்களா?

வேலைதான் எங்கே? பல வருடம் இடைநிலை ஆசிரியர் நியமனமே இல்லாமல் இருந்து, 2024 ஜூலையில் 2,768 இடத்துக்குப் போட்டித்தேர்வு வைத்தார்கள். டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வைப் பாஸ் பண்ணிவிட்டுக் காத்திருந்தவர்கள் எல்லாரும் 149ஆம் அரசாணையால் இன்னொரு தேர்வு எழுதினார்கள். இதற்கு மேல் இரண்டு வருடம் கூடுதலாகப் படி என்று எந்த வாயால் சொல்வது?

எண்கணிதன்:
நடுவில் என் கேள்வி. நான் பி.எஸ்சி. கணிதம், பி.எட். 2018ல் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) எங்களுக்கு வழி திறந்தது. ஆறு மாத இணைப்புப் படிப்பு முடித்தால் ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம் என்றார்கள். 2023 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. பட்டம் படித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் கற்பித்தல் படித்தவன் ஐந்தாம் வகுப்புக்குத் தகுதியில்லை, ப்ளஸ் டூவுக்குப் பின் இரண்டு வருடம் படித்தவர் தகுதி. இது என்ன நியாயம்? ஆழமான பாட அறிவு கீழ்வகுப்புக்கு வேண்டாமா?

கரும்பலகை:
வேண்டும் தம்பி. ஆனால் எந்த ஆழம்? 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை 35 என்று எழுதும். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போகலாம். அல்லது பத்துக் குச்சிக் கட்டு ஐந்து, உதிரி இரண்டு கொடுத்து, கட்டைப் பிரித்தால்தான் ஏழு எடுக்க முடியும் என்று பிள்ளையே கண்டுபிடிக்க விடலாம். இரண்டாவது வழிக்கு வகைக்கெழுச் சமன்பாடு உதவாது. தீர்ப்பின் சாரமும் அதுதான். பி.எட். ஆறாம் வகுப்புக்கு மேல் கற்பிக்க உருவான படிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கான கற்பித்தல் முறை வேறு. நான் தீர்ப்போடு நிற்கிறேன். அந்த வேறு முறையைத்தான் நன்றாகப் படிக்க நான்காண்டு கேட்கிறேன்.

எண்கணிதன்:
கட்டைப் பிரிக்கும் வித்தையை ஆறு மாதத்தில் எனக்குச் சொல்லித் தர முடியாதா? 2018 அறிவிப்பை நம்பித் தயாரானவர்களுக்கு யார் பதில் சொல்வார்கள்? எனக்கு இதில் சமாதானம் இல்லை.

மழலைத்தோழி:
எல்லாரும் ஒன்றாம் வகுப்பிலேயே நிற்கிறீர்கள். அதற்குக் கீழே வாருங்கள். அதே 2020 கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தள நிலை என்கிறது. ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு நான்காண்டு, ப்ளஸ் டூ படித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்! அதுவும் வேலை பார்த்துக்கொண்டே, டிவியிலும் செல்போனிலும் படிக்கலாமாம்.

2019 ஜனவரியில் நம் அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே போட்டார்கள். நல்ல ஆசிரியர்கள்தான். ஆனால் அவர்கள் பயின்றது ஆறு வயதுப் பிள்ளைக்கு. நான் பார்த்த மையத்தில் நாலு வயசுப் பையன் சிலேட்டில் 'அ'வைச் சுழிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தான். விரல் தசை அதற்கு இன்னும் தயாராகவில்லை. களிமண் பிசையணும், மணி கோர்க்கணும், காகிதம் கிழித்து ஒட்டணும். இரண்டு வருட முன்பருவக் கல்விப் பட்டயம் என்று தனியே ஒன்று என்.சி.டி.இ. விதியிலேயே இருக்கிறது. பட்டமா பட்டயமா என்பதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

கோப்பாய்க்காரன்:
இலங்கையில் இருந்து எழுதுறன். இங்கே ஆரம்பக் கல்வி ஆசிரியரைத் தேசிய கல்வியியற் கல்லூரிதான் உருவாக்குது. இரண்டு வருசம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருசம் முழுக்கப் பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது அங்கயே நிண்டு படிப்பிச்சுப் பழகிற பயிற்சி. பட்டம் இல்லை, டிப்ளோமாதான். ஆனால் ஒரு முழு வருசம் ஒரே பிள்ளைகளோட நிக்கிறதால சனவரியில் எழுத்துத் தெரியாம வந்த பிள்ளை வருசக் கடைசியில் எப்படி வாசிக்குது எண்டு கண்ணால பாத்திட்டுத்தான் வெளிய வாறம். நீங்கள் வருசக் கணக்கை மட்டும் கதைக்கிறியள். எந்த வருசம் எங்க கழியுது எண்டதையும் கதையுங்கோ.

வைகைக்கரை:
அண்ணா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றாம் வருடம் முழுவதும் பள்ளியில், உதவித்தொகையோடு. சேர்க்கை ப்ளஸ் டூ மதிப்பெண்ணில், டயட்டிலேயே. வாசிப்பு கற்பித்தலுக்கும் எண் கற்பித்தலுக்கும் தனித்தனித் தாள். இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

கரும்பலகை:
உதவித்தொகையோடு பள்ளியில் ஒரு வருடம், சம்மதம். நுழைவுத்தேர்வு வேண்டாம் என்பதிலும் உங்களோடுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன் டீச்சர். வேலைக்கு வந்த பிறகு நம் இடைநிலை ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? பதவி உயர்வுக்காக அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு, அப்புறம் பி.எட். ஒன்றாம் வகுப்புக்கு உதவாத படிப்புக்கு ஐந்தாறு வருட ராத்திரிகள் போகின்றன. எப்படியும் பட்டம் படிக்கத்தான் போகிறார்கள். அந்தப் பட்டம் சின்னப் பிள்ளைகளைப் பற்றியதாக இருந்தால் என்ன?

வைகைக்கரை:
நானும் அப்படித்தான் படித்தேன், அதை மறுக்க மாட்டேன். அப்படியென்றால் டயட் படிப்பைப் பட்டத்தின் முதல் பாதியாகப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். மூன்றாம் வருடம் பள்ளியில். அதை முடித்தவர் வேலைக்குத் தகுதி. மிச்சத்தை வேலையில் இருந்துகொண்டே, தன் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையே ஆய்வாக எழுதி முடிக்கட்டும். அந்தப் பட்டத்துக்குப் பதவி உயர்வும் உண்டு என்று அரசாணை வரட்டும். முதலிலேயே நான்கு வருடம் கட்டினால்தான் உள்ளே விடுவேன் என்றால் மட்டும் என் எதிர்ப்பு மாறாது.