ஸம்மர்: டோர்ட்முண்ட் பட்டம் பெருசா, இயக்குநர் பதவி பெருசா?

லிபரோ6:
ஜெர்மன் வீரர் மத்தியாஸ் ஸம்மர்னாலே 1996ல ஜெயிச்ச யூரோ கோப்பை, அதே வருஷம் பிரேசில் ரொனால்டோவை 144-143னு ஒரே புள்ளியில முந்தி வாங்கின பாலன் டி'ஓர் (சிறந்த வீரர் விருது), இதோட பேச்சு நின்னுடுது. முழங்கால் காயத்தால 30 வயசுல ஆட்டம் முடிஞ்சது. அதுக்கப்புறம் அவர் செஞ்சதுல பெருசு, 2006லேர்ந்து 2012 வரைக்கும் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துல விளையாட்டு இயக்குநரா இருந்ததுதான். 2008ல 19 வயசுக்குட்பட்டோர் யூரோ, 2009ல 17, 21 வயசுக்குட்பட்டோர் ரெண்டும். மால்மோவுல நடந்த 21 வயசு இறுதி ஆட்டத்துல இங்கிலாந்தை 4-0 வென்ற அணியில நோயர், போவாடெங், ஹும்மெல்ஸ், ஹோவெடஸ், கெதிரா, ஓசில் இருந்தாங்க. ஆறு பேரும் 2014 உலகக் கோப்பை அணியில உண்டு.

மஞ்சள்சுவர்:
வயசைக் கணக்குப் போடுங்க நண்பரே. அவர் பதவிக்கு வந்த 2006 ஏப்ரல்ல நோயருக்கு 20, ஹும்மெல்ஸுக்கும் ஓசிலுக்கும் 17. அதுக்குள்ள பாதி வளர்ந்தாச்சு. 2000 யூரோவுல ஒரே புள்ளியோட வெளியேறின அவமானத்துக்கு அப்புறம், இளையோர் பயிற்சி மையம் நடத்தாத கிளப்புக்கு உரிமம் கிடையாதுன்னு விதி வந்துச்சே, பலன் அதோடது. ஸம்மர் தன் கையால செஞ்சது, டோர்ட்முண்ட் பயிற்சியாளரா வாங்கின 2001-02 பண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்). 34 வயசுல பட்டம், அதுவரைக்கும் அவ்வளவு இளம் வயசுல எந்தப் பயிற்சியாளரும் வாங்கினதில்ல. புள்ளிக் கணக்கு டோர்ட்முண்ட் 70, லெவர்குசன் 69, பயர்ன் மியூனிக் 68.

கார்னர்கிக்:
அந்தப் பட்டத்தோட விலையையும் சொல்லணும். முன்கள வீரர் அமொரோசோவை வாங்கக் கொட்டின பணம் மாதிரி நிறைய செலவு. 2003 ஆகஸ்ட்ல பெல்ஜியம் கிளப் ப்ரூஜ்கிட்ட பெனால்டியில தோத்து சாம்பியன்ஸ் லீக் போச்சு, வரவு நின்னுச்சு, 2005ல கிளப் திவால் விளிம்புக்கே போயிடுச்சு. கடன் வாங்கினது நிர்வாகம்தான், பயிற்சியாளர் இல்ல. ஆனா வீரர் பட்டியலோட பலத்தைக் கழிச்சுட்டுத்தான் அந்தப் பட்டத்தை எடை போடணும்.

லிபரோ6:
மஞ்சள்சுவர், மையங்கள் முன்னாடியே வந்ததுன்னு ஒத்துக்கறேன். மையம் ஆளை வளர்க்கும், கோப்பையை வாங்கித் தராது. 2008 அக்டோபர்ல பிரான்ஸை வீழ்த்தி 21 வயசு அணியைத் தகுதி பெற வெச்ச டீட்டர் ஐல்ட்ஸை அடுத்த மாசமே மாத்தினாங்க. ஜெயிச்ச பயிற்சியாளரை நீக்க நெஞ்சுரம் வேணும். 19 வயசு அணியோட அப்பதான் கோப்பை வாங்கியிருந்த ஹோர்ஸ்ட் ஹுருபெஷ் வந்தார். இயக்குநர் பந்தைத் தொட மாட்டார். யாரை எந்த அணிக்கு வெக்கணும், எப்ப மாத்தணும், இதுதான் அவர் வேலை.

மஞ்சள்சுவர்:
ஐல்ட்ஸ் விஷயத்துல நீங்க சொல்றது சரி. அந்த முடிவு இல்லாம மால்மோ இல்ல. ஆனா பயர்ன்ல 2013 மூணு கோப்பையையும் இதே கணக்குல அவர் பேர்ல எழுதிடாதீங்க. 2012 ஜூலையில அங்க இயக்குநரா வந்தார், அணியைக் கட்டினது பயிற்சியாளர் ஹைன்கெஸ்.

கார்னர்கிக்:
அப்ப கோட்ஸேவை எங்க வெப்பீங்க? 2006ல அவனுக்கு 13 வயசு, 2009ல 17 வயசு யூரோ ஜெயிச்சான், 2014 உலகக் கோப்பை இறுதியில 113ஆவது நிமிஷம் கோல். இவன் முழுக்க ஸம்மர் காலத்துப் பையன்.

மஞ்சள்சுவர்:
முழுக்க டோர்ட்முண்ட் அகாடமி பையன். தேசிய முகாமுக்கு வருஷத்துல சில வாரம்தான் போவாங்க, மத்த நாளெல்லாம் பயிற்சி கிளப்லதான்.