மறு: பிரெம்ஸ்ட்ராலுங் – தமிழில் என்ன?

வணக்கம். கல்லூரிப் பாடக்குறிப்பு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எலக்ட்ரான்களை 25, 30 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டால் உயர் ஆற்றல் ஃபோட்டான்கள் கிளம்புகின்றன, அவை கார்பன்-12 அணுக்கருவில் பட்டு ஒரு நியூட்ரானைப் பிய்த்தெறிய, 20 நிமிட அரை ஆயுள் கொண்ட கதிரியக்கக் கார்பன்-11 கிடைக்கிறது. இவ்வளவும் எழுதிவிட்டேன். எலக்ட்ரான்கள் வேகம் குறையும்போது தகட்டில் கிளம்பும் அந்தக் கதிர்வீச்சுக்குத்தான், அதாவது பிரெம்ஸ்ட்ராலுங்குக்குத்தான், தமிழில் பெயர் இல்லை. ‘தளர்கதிர்’ எனலாமா?

*

தளர்கதிர் வினைத்தொகை ஐயா, ஊறுகாய் மாதிரி. ஊறுவது காய் என்றால் இங்கே தளர்வது கதிர் என்றாகிவிடும். இயற்பியலே தவறாகிறது, வேகம் தளர்வது எலக்ட்ரான் அல்லவா? ஜெர்மனில் பிரெம்ஸன் என்றால் பிரேக் போடுவது, ஸ்ட்ராலுங் கதிர்வீச்சு. அப்படியே ‘தடைக்கதிர்’ என்று வைத்துவிடுங்கள்.

*

இலங்கையில் நாங்கள் ஆர்முடுகல், அமர்முடுகல் என்று படித்து வளர்ந்தவர்கள். வேகம் கூடுவது ஆர்முடுகல், குறைவது அமர்முடுகல். ‘அமர்முடுகற் கதிர்’ என்றால் காரணமும் பெயரிலேயே வந்துவிடுகிறதே! முடுகு புதுச்சொல்லும் இல்லை, யாப்பில் உள்ளது, திருப்புகழில் சந்தம் முடுகி ஓடும் இடங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

*

எங்கள் நெல்லைப் பக்கம் முடுக்கு என்றால் குறுகிய சந்து. விரட்டி ஒடுக்கும் இடம் என்ற பொருளில் இரண்டும் ஒரே வேராக இருக்கக்கூடும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஆனால் அமர் என்றால் போரும்தானே, குறளில் ‘அமரகத்து’ போர்க்களம் அல்லவா? இங்குள்ள பையனுக்கு அமர்முடுகல் போர் வேகமாகத்தான் படும்.

*

நான்கு வருடம் அந்தச் சொல்லைப் படித்த எங்கள் பிள்ளைகள் எவரும் போர் என்று எண்ணவில்லை. பழக்கம்தான் ஐயா பொருள் தருகிறது.

*

அனைவருக்கும் நன்றி. இன்னும் இருவர் தனிமடலில் தடைக்கதிர் பக்கம் சாய்ந்தார்கள். அதையே போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் பிரெம்ஸ்ட்ராலுங் இருக்கும். அமர்முடுகல் அடிக்குறிப்பில். அப்புறம், ஐசோடோப்புக்கு (கார்பன்-11, கார்பன்-12 போல ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) ஓரிடத்தான் என்று எழுதியிருக்கிறேன்.

*

போடுங்கள், ஆனால் என் மறுப்பு மறுப்புதான். தடைக்கதிர் என்று கேட்டால் எதையோ தடுக்கும் கதிர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓரிடத்தானுக்கு இலங்கையில் எங்களிடம் சமதானி இருக்கிறது, அதையும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடாதீர்கள்.