செப்டம்பர் கடைசியில் மலை ஏரியில் முழுத் தூர ட்ரையத்லான்: குளிருக்கு எப்படித் தயாராவது?

நீள்தூரம்:
அமெரிக்காவின் டாஹோ ஏரிப் பக்கம், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், செப்டம்பர் கடைசி ஞாயிறு: 3.8 கிமீ நீச்சல், 180 கிமீ சைக்கிள், 42.2 கிமீ ஓட்டம். பயிற்சி எல்லாம் கடல் மட்டத்தில், 24 டிகிரி தண்ணீரில். வானிலை ஆப் ஒரு நாள் பகல் 22 டிகிரி வெயில்னு காட்டுது, மறுநாள் பார்த்தா 11 டிகிரி, மழைங்குது. 2013 செப்டம்பர் 22ல் அங்கே நடந்த அயர்ன்மேனுக்கு (இதே தூரப் பந்தயம்) முந்தின நாள் கணவாய்களில் பனி, பந்தயக் காலையில் உறைநிலைக்குக் கீழே. 2014ல் காட்டுத்தீப் புகையால் பந்தயமே ரத்து. அதனால் மூணு கேள்வி. எந்த முன்னறிவிப்பை, எத்தனை நாள் முன்னாடி நம்புறது? டி1ல் (நீச்சல் முடிச்சு சைக்கிளுக்கு மாறுற இடம்) முழுசா உடை மாத்தணுமா, ட்ரைசூட் (மூணு பிரிவுக்கும் போடுற ஒரே உடை) மேலேயே ஏதாவது போட்டா போதுமா? சைக்கிளை முந்தின நாளே வைக்கணும், டயருக்கு என்ன பண்றது?

பனிக்கோடு:
ஆப்பை மூடி வைங்க. அது காட்டுறது ஊருக்கான எண், உங்க பாதைக்கானது இல்லை. அமெரிக்க தேசிய வானிலைச் சேவைத் தளத்தில் வரைபடத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்தச் சின்னக் கட்டத்துக்கு மட்டும் மணிவாரியா முன்னறிவிப்பு வரும். மூணு புள்ளி போதும்: கிங்ஸ் பீச் கரை, ட்ரக்கி ஊர் (சுமார் 1,770 மீ), சைக்கிள் ஏற்றம் முடியுற பிராக்வே உச்சி (சுமார் 2,190 மீ).

ஆயிரம் மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும்னு எல்லாரும் கணக்குப் போடுவாங்க. விடியற்காலையில் அந்தக் கணக்கு தலைகீழாகும். மேகம் இல்லாம, காற்று அடங்கின ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுடும். குளிர்ந்த காற்று கனமாகி, சரிவு வழியே வழிஞ்சு பள்ளத்தில் தேங்கும். உச்சியில் 4 டிகிரி இருக்கிறப்போ ட்ரக்கி, மார்ட்டிஸ் பள்ளத்தாக்கில் -3 இருக்கலாம். காலையில் உங்களை உறைய வைக்கப் போறது உச்சி இல்லை, ஆற்றோரச் சாலைதான்.

ஏழு நாள் முன்னாடி வர்ற முன்னறிவிப்பில் போக்கை மட்டும் பாருங்க. மூணு நாள் முன்னாடி, குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) எந்த மணிக்குக் கடக்குதுன்னு பாருங்க. வெப்பநிலை, பனிநிலை (காற்றில் இருக்கிற ஈரம் படியத் தொடங்குற வெப்பநிலை), காற்று மூணையும் முந்தின நாள் மாலை வர்ற முன்னறிவிப்பில்தான் நம்பணும். அந்தப் பகுதி ரீனோ அலுவலகத்தின் கீழ் வருது. அங்கே வானிலையாளர்கள் எழுதுற விவாதக் குறிப்பைத் தவறாம படிங்க. தங்களுக்கே எவ்வளவு நிச்சயம்னு அதில்தான் சொல்லுவாங்க. சனிக்கிழமை மழை, ராத்திரி வானம் தெளிவு, காற்று இல்லை, பனிநிலை பூஜ்யத்துக்குக் கீழே: இந்த வரிசை தெரிஞ்சா ஞாயிறு காலை சீட் மேல உறைபனி படிஞ்சிருக்கும். 2013ல் நடந்தது இதுதான்.

தண்ணீரைப் பத்தி ரொம்பக் கவலை வேண்டாம். ஏரி 501 மீட்டர் ஆழம். ஒரு புயல் வந்து போனாலும் பெரும்பாலும் 15, 16 டிகிரியிலிருந்து பெரிசா இறங்காது. தொல்லை வேற: தண்ணீர் 16, காற்று 0ன்னா ஏரி மேல ஆவி எழும்பி, பாதை காட்டுற மிதவைகளை மறைச்சிடும். தண்ணீர் மட்டத்தில் எதுவும் தெரியாது. முந்தின நாள் கரையில் நின்னு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால தெரியுற மலை முகட்டைக் குறிச்சுக்கோங்க. நிமிர்ந்து பார்க்கிறப்போ மிதவையைத் தேடாம முகட்டைத் தேடுங்க.

டி1_மூலை:
காற்று 10 டிகிரிக்குக் கீழேன்னா முழுசா மாத்துங்க. அஞ்சு நிமிஷம் போகும், போகட்டும். நனைஞ்ச ட்ரைசூட்டில் 200 மிலி தண்ணீர் நிக்குதுன்னு வைங்க. அது ஆவியாகச் சுமார் 490 கிலோஜூல் வேணும், அதாவது கிட்டத்தட்ட 115 கிலோகலோரி. அதில் பெரும்பங்கு உங்க உடம்புச் சூடு. காற்றின் கணக்கு தனி: 0 டிகிரியில் மணிக்கு 50 கிமீ வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது -8 மாதிரி.

இன்னொண்ணு, தண்ணீரை விட்டு வந்த பிறகும் உள்ளுடல் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கிட்டே இருக்கும். வெளிப்பக்கம் தேங்கின குளிர் மெல்ல உள்ளே பரவுறதும், கை காலில் குளிர்ந்த ரத்தம் நடுவுக்குத் திரும்புறதும் காரணம். கரை ஏறினப்போ "நல்லாத்தான் இருக்கேன்"னு தோணும், பத்தாவது நிமிஷம் நடுக்கம் பிடிக்கும். ஆபத்தான நேரம் அந்த முதல் அரை மணிதான்.

பையில் மேலேயிருந்து கீழே, எடுக்கிற வரிசையில் வைங்க: துண்டு, உள்பனியன் (மெரினோ கம்பளி நல்லது), முழுக்கை ஜெர்சி, கைக்கு நைட்ரைல் கையுறை (டாக்டர் போடுற மெல்லிய ரப்பர் மாதிரி), அதுக்கு மேல சைக்கிள் கிளவுஸ், நுனி வரை சுருட்டி வச்ச சாக்ஸ், காற்றுத் தடுக்கும் வெஸ்ட். ஆர்ம் வார்மரை (கைக்கு மட்டும் மாட்டுற துணி உறை) மட்டும் நம்பாதீங்க. ஈரக் கையில் அது ஏறாது, முழங்கைக்குக் கீழேயே கயிறு மாதிரி சுருண்டு நின்னுடும். மரத்த விரலுக்கு ஹெல்மெட் கொக்கி கூட மாட்ட வராது. காந்தக் கொக்கி வச்ச ஹெல்மெட் இருந்தா அதைக் கொண்டு போங்க. ஜிப் எல்லாத்திலும் பல்லால் பிடிச்சு இழுக்கிற அளவுக்கு ஒரு நூல் வளையம் கட்டுங்க.

சூட்டுப் பொட்டலம் வைக்கிறதா இருந்தா உறையைப் பிரிச்ச உடனே சுடாது. உள்ளே இருக்கிற இரும்புத் தூள் காற்றோட சேர்ந்து சூடாகப் பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகும். ஈரமான கிளவுஸுக்குள்ள திணிச்சா காற்று படாம அணைஞ்சிடும்.

நீச்சலுக்கு: போட்டித் தொப்பிக்கு உள்ளே நியோப்ரீன் தொப்பி, காதில் அடைப்பான். கைக்கு நியோப்ரீன் கையுறை விதிப்படி கூடாது. வெட்சூட் தடிமன் 5 மிமீ வரைதான். இறங்குமுன் முகத்தையும் பிடரியையும் நனைச்சு, மூச்சு அடங்கின பிறகு நீந்துங்க. நீச்சல் நடுவில் இருமலும் மூச்சிரைப்பும் வந்து, எச்சிலில் ரோஸ் நிற நுரை தெரிஞ்சா அது நுரையீரலில் நீர் கோத்ததற்கான அறிகுறி. உடனே கையை உயர்த்துங்க. முடிச்சிடலாம்னு தள்ளாதீங்க.

சங்கிலி_எண்ணெய்:
டயர் கணக்கு. அறைக்குள்ள 20 டிகிரியில் 85 பிஎஸ்ஐ (டயர் அழுத்த அளவு) அடிச்சா, 0 டிகிரியில் அதே டயரில் 78தான் நிக்கும். மறுபக்கம், சனிக்கிழமை மதிய வெயிலில் முழுக் காற்றோட நிறுத்தினா ட்யூப் வெடிக்கலாம். அதனால் சனிக்கிழமை 15, 20 பிஎஸ்ஐ குறைச்சு விட்டுட்டு, ஞாயிறு காலை டிரான்சிஷனிலேயே சரியா அடிங்க. சாலை ஈரம்னா வழக்கத்தை விட 5 குறைவு.

வண்டி முழுக்க உறை போடப் பல பந்தயங்களில் விட மாட்டாங்க. சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் மட்டும் பிளாஸ்டிக் பை கட்டுங்க. தண்ணீர் பாட்டிலை ராத்திரி வைக்காதீங்க, வாய் உறைஞ்சிடும். மின் கியர்னா பேட்டரி முழுசா ஏத்தணும். ஜெல் (பாக்கெட்டில் வர்ற மாவுச்சத்துக் கூழ்) குளிரில் பசை மாதிரி கெட்டியாகி, கிளவுஸ் கையால் பிதுக்க வராது. ஆறேழு ஜெல்லைக் கொஞ்சம் தண்ணீரோட ஒரு பாட்டிலில் கரைச்சு எடுத்துட்டுப் போங்க. குளிரில் தாகம் தெரியாது, நடுக்கமோ மாவுச்சத்தை வேகமாத் தின்னும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துக் குடிங்க, மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து.

பிராக்வே ஏறும்போது ஜிப்பைத் திறந்து வைங்க. உச்சி வருமுன், இன்னும் 200 மீட்டர் இருக்கும்போதே மூடிடுங்க. இறக்கம் தொடங்கின பிறகு மூடப் பார்த்தா கை பிரேக்கில் இருக்காது. கார்பன் ரிம்மில் பிளாக் பிரேக்னா (ரிம்மையே கட்டையால் பிடிக்கிறது) ஈரத்தில் சக்கரம் முதல் சில சுற்று சுத்துற வரை சரியாப் பிடிக்காது, முன்கூட்டியே லேசாத் தொட்டுத் தண்ணீரைத் துடைச்சுக்கணும். மர நிழல் வளைவு, பாலம் ரெண்டிலும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கலாம். அங்கே ஏரோ பாரை (குனிஞ்சு முழங்கை ஊன்றுற முன்கம்பி) விட்டு, பிரேக் இருக்கிற கைப்பிடிக்கு வந்துடுங்க.

நீள்தூரம்:
ரொம்ப நன்றி. வெஸ்டுக்குப் பதிலா கனமான மழைக்கோட்டே போட்டுக்கிட்டா?

பனிக்கோடு:
விடாம மழை பெய்தால் மட்டும். வறண்ட குளிரில் ஏற்றத்தில் வேர்வை வெளியேறாது, உள்ளே நனைஞ்சு, இறக்கத்தில் மறுபடி ஏரியிலிருந்து வந்த மாதிரி ஆகிடும். சந்தேகம்னா டி1லிருந்து கிளம்பும்போது ஜெர்சிக்குள்ள நெஞ்சுப் பக்கம் ரெண்டு தாள் செய்தித்தாளைச் செருகிக்கோங்க. ஆல்ப்ஸ் கணவாய்களில் பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செய்றது இது. பத்து மணிக்கு வெயில் ஏறினதும் உதவி மேசைப் பக்கம் குப்பைப் பகுதியில் போட்டுடலாம். வழியில் வேற எங்கேயும் போட்டா தண்டனை.

டி1_மூலை:
ஓட்டத்துக்கும் ஒண்ணு. பகல் 16 டிகிரியில் பனியன் போதும்னு தோணும். ஏழு மணிக்குள்ள சூரியன் இறங்கிடும், காற்று வறட்சியா இருக்கிறதால ஒரு மணி நேரத்தில் சூடு மளமளன்னு இறங்கும். அப்போ நீங்க களைச்சு நடக்கிற நிலையில் இருப்பீங்க, உடம்பு சூட்டையும் உண்டாக்காது. ஓட்டத்தின் பாதி வழியில் எடுக்கிற பையில் உலர்ந்த முழுக்கைச் சட்டை, குல்லா, கிளவுஸ் கட்டாயம் வைங்க. நடுக்கம் இருக்கிற வரை நடந்து சமாளிக்கலாம். நடுக்கம் நின்னும் குளிர் விடலை, பேச்சு குழறுதுன்னா உள்ளுடல் சூடு 32 பக்கம் வரை இறங்கியிருக்கலாம். அங்கேயே நின்னு, பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட மருத்துவக் குழுவைக் கூப்பிடச் சொல்லுங்க.

புகைக்கு உடையால் பதில் இல்லை. முந்தின ராத்திரி காற்றுத் தர எண்ணையும், காற்று எந்தத் திசைன்னும் பாருங்க. ஆஸ்துமா இருந்தா இன்ஹேலரை ஜெர்சிப் பையில் வைங்க, டி1 பையில் விட்டுடாதீங்க.