வெள்ளி ரூபாயில் அச்சுப் பிழையும் பட்டறை வேலையும்

எனக்குக் காட்டப்படும் பழைய வெள்ளி ரூபாய்களில் பல, ஒரு காலத்தில் காசுமாலையில் கோக்கப்பட்டிருந்து, பின்னர் வளையம் நீக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தவை. கோயில் நகைக்குப் பெயர் பெற்ற வடசேரி இருக்கும் நாகர்கோவிலில், வளையத்தைப் பற்றவைத்த தடத்தை மறைக்கத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே நான் எந்த நாணயத்தையும் கையில் எடுப்பேன்.

நாகர்கோவிலில் ஒரு வியாபாரி, ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த 1912ஆம் ஆண்டு ரூபாயைக் காட்டி, நாணயம் அடிக்கும் அச்சில் கிரீஸ் அடைத்துக்கொண்டதால் மேற்பகுதி மங்கிவிட்டது, ஆகவே இது அரிய எரர் காயின், அதாவது பிழை நாணயம் என்றார். நாணயச்சாலையில் அப்படி நேர்வது உண்மைதான். ஆனால் விளிம்பிலுள்ள வரிகளை உருவாக்குவது மேல் அச்சோ கீழ் அச்சோ அன்று, வில்லையை, அதாவது இன்னும் அடிக்கப்படாத வெறும் உலோக வட்டை, அடிக்கும்போது சுற்றி இறுகப் பிடித்திருக்கும் எந்திர வளையமே என்பதால், முகத்தில் எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் விளிம்பின் வரிகள் கெடக் காரணமில்லை. “அண்ணாச்சி, விளிம்பைப் பாருங்கள்” என்று லென்ஸை அவரிடம் கொடுத்தேன். மங்கிய இடத்துக்கு நேரே வரிகள் மழுங்கி, ஒரே திசையில் ஓடிய அரத்தின் கீறல்களும் மாலை வளையத்தைப் பற்றவைத்த பற்றாசின் சற்றே மஞ்சளித்த நிறமும் தெரிந்தன. கிரீஸால் வரும் மங்கல் படிப்படியாகக் கரைந்து மறையும். அரம் போட்ட இடமோ சட்டென்று முடியும்.

மார்த்தாண்டத்து நண்பர் ஒருவரிடம் உள்ள விக்டோரியா ரூபாய் இதற்கு நேர்மாறானது, உண்மையான பிழை நாணயம். முன்பு அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அடிபட்டதால், ஒரு முகத்தில் அரசியின் தலை இயல்பாகவும், மறுமுகத்தில் அதே தலை இடவலம் மாறிக் குழிந்தும் நிற்கின்றன. ‘ஒன் ருப்பீ’ என்ற எழுத்தின் சாயல்கூட மறுமுகத்தில் இல்லை. இதைப் போலவே காட்ட, இரண்டு நாணயங்களை இடுக்கியில் வைத்து நெரிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் குழிந்த உருவத்தின் அடியில் பழைய எழுத்துகளின் எச்சம் கிடக்கும், எதிர்முகமும் அதே இடத்தில் தட்டையாகியிருக்கும்.

ஓரம் வெட்டுப்பட்ட நாணயங்களில் எடையை மட்டும் நம்பக் கூடாது. 11.66 கிராம் இருக்க வேண்டிய ரூபாய் பிறைவடிவில் குறைந்திருந்தால், தகட்டிலிருந்து வில்லையை வெட்டும்போதே குறைந்ததா, பின்னர் யாரோ கத்தரித்ததா என்பதைத் தராசு சொல்லாது. வெட்டுக்கு நேர் எதிரே உள்ள ஓரத்தைப் பார்ப்பது என் வழக்கம். வில்லையிலேயே குறை இருந்திருந்தால், எதிர்ப்புற ஓரம் பெரும்பாலும் எழும்பாமல் சோர்ந்திருக்கும். கத்தரித்ததில் அது கூர்மையாகவே நிற்கும்.

இரண்டு பக்கமும் தலை உள்ளதாக விற்கப்படுபவை, ஒரு நாணயத்தைக் குடைந்து அதில் இன்னொன்றின் முகத்தைப் பொருத்தியவையே என்று கருதிக்கொண்டு உள்விளிம்பில் இணைப்புக் கோட்டைத் தேடுவது நல்லது.

திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கையால் அடிக்கப்பட்ட அந்தச் சிறு காசுகளில் உருவம் ஓரம் தள்ளி விழுந்திருப்பது வழக்கமான நிலை. அதைப் பிழை நாணயம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் நான் கொடுப்பதில்லை.