பொருள்: பழகுதிறனா, சமூகத் திறனா?

> மனச்சிதைவு (schizophrenia) நோயாளிகள் பிறரிடம் பேசிப் பழகக் கற்கும் குழுப் பயிற்சிக்குத் (social skills training) தமிழில் 'சமூகத் திறன் பயிற்சி' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, மதுரைப் பக்கம் 'சமூகம்' என்றதும் 'நீங்க என்ன சமூகம்?' என்கிற கேள்விதான் காதில் விழும். 'உங்க மகனுக்குச் சமூகத் திறன் குறைவு' என்றால் அம்மா என்னவென்று எடுத்துக்கொள்வார்? என் பரிந்துரை: பழகுதிறன். 'நல்லாப் பழகுவாப்ல' என்பது இங்கே நாள்தோறும் புழங்கும் பேச்சு. ஊறுகாய் போல வினைத்தொகை. நடுவில் 'த்' வேண்டாம்.

பயிற்சியில் பேசிப் பார்ப்பதற்கு (role play) வைத்த 'பாத்திர நடிப்பு' என்பதைக் கண்டிப்பாக நீக்க வேண்டும். பேச்சு குறைவது, முகத்தில் உணர்ச்சி தெரியாதது, குளிக்கக்கூட எழாதது எல்லாம் நோயின் அறிகுறிகள். வீட்டிலோ 'நடிக்கிறான்' என்று ஏச்சு. அந்தச் சொல்லையே நாமும் நீட்டலாமா? 'ஒத்திகை' போதும்.

> 'பழகுறாங்க' என்றால் காதல் என்று அர்த்தமாகிவிடாதா?

'பழகுறாங்க' அப்படித்தான். 'பழகுதிறன்' என்று பெயராகும்போது அந்த வாடை போய்விடுகிறது. 'குழு நடத்துநர்'தான் எனக்கு இடிக்கிறது. ஒத்திகையிலேயே பஸ் நடத்துநர் வருவாரே! 'பயிற்றுநர்' என்போம்.

குழுவுக்கு 6 முதல் 8 பேர், பயிற்றுநர் இருவர், சுமார் 1 மணி நேரம். பாடம் 'கேட்டுப் பெறுதல்' என்றால் படி மூன்று: முகம் பார், வேண்டியதைத் தெளிவாகச் சொல், அது எப்படி உதவும் என்று சொல். கவனமும் நினைவும் தடுமாறும் நோய் என்பதால் மூன்றும் பலகையில் இருக்க வேண்டும். முதலில் பயிற்றுநர்கள் செய்து காட்டுவார்கள்: 'அண்ணே, இந்த பஸ் ஆரப்பாளையம் போகுமா? சொன்னா உதவியா இருக்கும்.' பிறகு ஒவ்வொருவராக, ஆளுக்கு ஓரிரு நிமிடம்.

ஒத்திகை முடிந்ததும் கருத்துச் சொல்வதில்தான் பயிற்றுநர் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'சூப்பர்' என்றால் எது சரி என்று தெரியாது. 'குரல் இங்கவரை கேட்டுச்சு' என்றால் தெரியும். பாராட்டு முதலில், திருத்தம் ஒன்றே ஒன்று, உடனே மறு ஒத்திகை. மருந்தால் முகம் இறுகியிருப்பவரிடம் 'சிரிங்க' என்று திருத்துவது வீண். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

> பயிற்சிக் கூடத்தில் கற்றது வெளி வாழ்க்கையிலும் வருவதற்கு (generalization) 'பொதுமைப்படுத்தல்' சரியா?

அது தருக்க நூலில் இருக்கட்டும். 'புழக்கமாதல்' என்கிறேன். அறைக்குள் தடையில்லாமல் கேட்டவர் மாட்டுத்தாவணி பஸ் நிலைய இரைச்சலில் வாய் திறக்க மாட்டார். வீட்டுப்பாடமாக அங்கேயே போய்க் கேட்டு வந்தால்தான் திறன் புழக்கத்துக்கு வரும். முதல் தடவை வீட்டார் ஒருவர் தள்ளி நிற்கலாம், குறுக்கே பேசக் கூடாது.

> நோயின் பெயரையும் மாற்றலாமா? ஜப்பானில் 2002-இல் மாற்றினார்களே.

செய்யலாம். 'சிதைவு' எனக்கும் உறுத்துகிறது. தனி இழையாகத் தொடங்குங்கள் ஐயா. இதில் பழகுதிறன், ஒத்திகை, புழக்கமாதல் மூன்றையும் முதலில் முடிப்போம்.