'மஞ்சள்' என்று எழுதியிருந்தது, காதில் விழுந்தது வேறு

சிங்கப்பூர் தேக்காவில் மளிகையும் பூசைப் பொருள்களும் விற்கும் ஒரு கடையின் இணையத்தளத்தைப் பராமரித்து வருகிறேன். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வாழும் தமிழர்கள் அதில் நிறைய வாங்குவதால், 2025 ஜூன் 28 முதல் நடப்புக்கு வந்த, இணையக் கடை போன்றவற்றை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்னும் ஐரோப்பிய அணுகல் சட்டம் தம்மையும் கட்டுப்படுத்துமா என்று முதலாளி கேட்டார். 10 பேருக்குக் குறைவான ஊழியர்களும் 20 லட்சம் யூரோவுக்கு மிகாத ஆண்டு வருவாயும் உள்ள சேவை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. இவரிடமோ 14 பேர். "சிங்கப்பூரில் கட்டடத்துக்குத்தானே தம்பி விதி? அதற்காகத்தான் வாசலில் சாய்தளம் போட்டேன்" என்றார். வாங்குபவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் விற்பவர் எந்த ஊர்க்காரர் என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை என்று விளக்கினேன்.

அதற்குள் அவர் மாதச் சந்தா கட்டி, ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் விதிக்கு உட்பட்டுவிடும் என்று விற்கப்படும் மேற்பூச்சு மென்பொருள் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அப்படிச் சொல்லி விற்ற ஒரு நிறுவனத்தை 10 லட்சம் அமெரிக்க டாலர் செலுத்துமாறு அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்ட செய்தி அவரை எட்டவில்லை. அணுகல் குறைகளைத் தேடும் கருவியின் தானியங்கிச் சோதனையிலும் தளம் பெரும்பாலும் தேறியது.

பார்வையற்ற நண்பர் ஒருவரை அழைத்து, திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானில் ஒரு பொட்டலம் மஞ்சள் தூள் வாங்கிப் பார்க்கச் சொன்னோம். 'மஞ்சள்' என்ற சொல்லை அது 'கே, கியூ, ஆர், எஸ்' என்று படித்தது. முதலாளி சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருள் பெயர்களையெல்லாம் யாரோ பல ஆண்டுகளுக்கு முன் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதற்கு அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே என்பதால், காதால் படிப்பவருக்கு அந்தக் கடையில் ஒரு பொருளுக்கும் பெயர் இல்லை. எல்லாவற்றையும், தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் தமிழ் ஒலிக்கவில்லை. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்ததால், ஆங்கிலக் குரல் தமிழ்ச் சொற்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குறியைத் தமிழாக்கியதும் சரியானது. இதில் ஒன்றைக்கூடச் சோதனைக் கருவி பிழையாகக் காட்டவில்லை. தீபாவளிச் சலுகைப் படத்துக்கு 'படம் 2043' என்று மாற்று உரை (படத்துக்குப் பதிலாகக் காதில் விழும் விளக்கம்) இருந்ததையும், உரை இருக்கிறதே என்று ஏற்றுக்கொண்டிருந்தது.

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் நிற எழுத்து போன்றவற்றை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற மாறுபாட்டு விகிதத்தைக் கொண்டு ஒரே நாளில் திருத்திவிட்டோம். விநியோக நாளைத் தேர்ந்தெடுக்கும் நாள்காட்டி மட்டும் இன்னும் சுட்டிக்கே (மவுஸ்) பணிகிறது, விசைப்பலகைக்கு இல்லை.

மறுமொழி:

அண்ணே, நான் 11 ஆண்டுகளாகத் திரைவாசிப்பானை நம்பி வாங்குபவன். நீங்கள் கடைசியில் ஒரே வரியில் கடந்துபோன நாள்காட்டிதான் எனக்குப் பெரும் தொல்லை. வேறொரு கடையில் முகவரி, அட்டை எண் எல்லாவற்றையும் நிரப்பி அந்த இடத்தில் சிக்கிக்கொள்வேன்; வழி தேடுவதற்குள் நேரம் முடிந்து கூடை காலியாகிவிடும். விசைப்பலகையில் நாளைத் தட்டச்சு செய்ய ஒரு சாதாரணப் பெட்டி வைத்தாலே போதும். வைத்ததும் சொல்லுங்கள், அந்த மஞ்சள் தூளை நானே வாங்கிப் பார்க்கிறேன்.